இரண்டிலிருந்து எண்ணிய நாக்கு

மதகை மூடி இருபத்துமூன்று நாளாகியிருந்தது. இருபத்துநான்காம் நாள் காலை எட்டு மணிக்கே மதகுக்காரி தாம் லுவாவின் வாசலில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் திட்ட வந்தவர்கள், பாதிப் பேர் கெஞ்ச வந்தவர்கள். கெஞ்ச வந்தவர்களில் முதல் ஆளாக நின்றவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி சின்.

"அக்கா, இன்னிக்குப் பத்தாம் பிறை. கடல் எழும்பாம ஆறு சோர்ந்து கெடக்குது. இத விட்டா இன்னும் பதினஞ்சு நாள் காத்திருக்கணும். அப்புறம் நீ தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன? என் கன்னெல்லாம் வெறகுதான்."

"வந்ததும் வராததுமா ஒப்பாரி வைக்காத. மொதல்ல வாயக் கொப்புளிக்க விடு. நாக்கு சுத்தமா இருந்தாத்தான் வேலைக்கு ஆகும்."

கூட்டம் சிரித்தது. மதகு திறக்கிற நாளில் லுவா வெறும் வயிற்றோடுதான் இருப்பாள், வெற்றிலைகூடப் போடமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் சின் சிரிக்கவில்லை. அவனுடைய நாற்றங்காலில் மூவாயிரம் டுரியான் பழ ஒட்டுக்கன்றுகள் இலை சுருண்டு நின்றன. போன வருஷக் கன்றுகள் மொத்தமும் செத்து, மறுபடி ஒன்றொன்றாக ஒட்டுக் கட்டி வளர்த்தவை. இதுவும் போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு பின்துவோங் தொழிற்சாலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். ஊரில் பாதி இளசுகள் ஏற்கெனவே அங்கேதான் கிடக்கிறார்கள்.

லுவா பிறந்த வீட்டில் ஏழாவது பிள்ளை. பேர் என்னவோ தாம், அதாவது எட்டு. எங்கள் பக்கம் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்றுதான் கூப்பிடுவோம், ஒன்று என்று யாருமே கிடையாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாம் கதைதான். அவளுக்கு அடுத்தவன் ஒன்பது, அவன்தான் சின். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனை இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தது லுவாதான்.

பத்தொன்பது வயதில் அவளை ஹாம் லுவோங் ஆற்றங்கரையில் மதகுக்காரர் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது அது மரப் பலகை மதகு. கடல் எங்கோ நாற்பது கிலோமீட்டர் தள்ளி. ஆனாலும் கோடையில் கடல் ஓதம் ஏறினால் உப்பும் கூடவே ஏறி வரும். மதகை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில்தான் கால்வாய்க்குள்ளே அறுபது வீட்டு நெல்லும் இருந்தது. கல்யாணமான மறு வருஷம், மாமனார் திறக்கப் போன நேரத்தில் படித்துறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லுவா விரலை நக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இது நல்ல தண்ணி இல்ல" என்றாள்.

"வந்து ஒரு வருசம் ஆகல, வாய் எவ்வளவு நீளுது பாரு" என்றார் மாமனார். அப்புறம் தானும் ஒரு வாய் அள்ளிப் பார்த்தார். இன்னொரு வாய் பார்த்தார். பேசாமல் பலகையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தப் போகம் அக்கரைக் கால்வாயில் நெல் மஞ்சளடித்துப் போயிற்று, எங்கள் பக்கம் அறுபது வீட்டிலும் அறுப்பு நடந்தது.

அன்றிலிருந்து லுவாவின் நாக்குதான் ஊருக்குச் சட்டம். மாமனார் போய், புருஷனும் போன பிறகு ஊர்க் கமிட்டி அவளையே மதகுக்காரியாக்கியது. இரும்புக் கதவும் சுற்றுகிற சக்கரமும் வந்தன, நாக்கு மட்டும் அதே நாக்கு. உயிரோடு இருந்தவரை அவள் புருஷன் கல்யாண வீடுகளில் ஒரு பேச்சுப் பேசுவான். "ஊர்ல எல்லாரும் பொண்டாட்டி நாக்குக்குப் பயந்து வெளிய ஓடுறான். என் பொண்டாட்டி நாக்குக்குத்தான் ஊரே வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்குது."

முப்பது வருஷத்தில் ஆறு மாறிவிட்டது. மேலேயிருந்து வருகிற தண்ணீர் குறைந்தது, கீழேயிருந்து கடல் ஏறியது. முன்பெல்லாம் கோடைக் கடைசியில் ஒரு மாதம் எட்டிப் பார்த்துவிட்டுப் போன உப்பு, இப்போது தேத் புத்தாண்டுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நெல்லை விட்டுவிட்டு டுரியானுக்கு மாறினார்கள். நெல்லாவது கொஞ்சம் உப்பைத் தாங்கும், டுரியான் தொட்டாலே கருகும். பயிரை மாற்றினார்களே தவிர மதகை யாரும் மாற்றவில்லை, மதகுக்காரியிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சொல்ல வந்தவள் ஒருத்திதான். தியெப் என்று பேர், நீர்த் துறையில் வேலை, முப்பது வயதுகூட இருக்காது. உப்பே எட்டாத மேலாற்று ஊர்க்காரி. மழை முடிந்த கையோடு ஊர் மன்றத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, பேனா அளவு கருவி ஒன்றைக் காட்டினாள். தண்ணீரில் தொட்டால் எண் காட்டும். "லிட்டருக்கு அரை கிராம் உப்பு தாண்டினா டுரியான் வேர் போச்சு. அரை கிராம யார் நாக்காலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றாள்.

கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "தங்கச்சி, எங்க தாம் அக்கா நாக்க நீங்க பாத்ததில்ல" என்றான். அத்தோடு கூட்டம் முடிந்தது. லுவா தனக்குக் கொடுத்த கருவியை நூலும் பொத்தானும் போட்டுவைக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். நமக்கு ஒருத்தி நல்லது சொல்ல வந்தால் நாம் கேட்கிற லட்சணம் இதுதான்.

புத்தாண்டுக்கு சைகோனிலிருந்து மகள் வந்திருந்தாள். கெளுத்தி மீன் போட்டு வைத்த புளிக்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னம்மா இது, உப்புல மீனப் போட்டியா, மீன்ல உப்பப் போட்டியா?" என்றாள்.

"அங்க கடைச் சோறு தின்னு உன் நாக்கு செத்துப் போச்சு" என்றாள் லுவா. மகள் குழம்பில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

பத்தரைக்கு ஓத இறக்கம் முடியும். அதிலிருந்து அரை மணி நேரம் ஆறு அசையாமல் நிற்கும். அந்த அரை மணியில் திறந்தால் மேலாற்றுத் தண்ணீர் உள்ளே வரும், அதற்கப்புறம் திறந்தால் வருவது கடல். கால்வாய் அடிச்சேறு தெரிகிற அளவுக்கு இறங்கியிருந்தது. பத்தரைக்கு லுவா படியிறங்கி ஆற்றில் கை வைத்தபோது மேட்டில் நூறு பேர் நின்றார்கள். கூட்டத்துக்குப் பின்னால், தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, உரக்கடை கியெனும் நின்றான். அவன் ஏன் அப்படி ஒதுங்கி நின்றான் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

லுவா ஒரு வாய் எடுத்து நாக்கின் மேல் வைத்திருந்து துப்பினாள். ரெண்டாவது வாயைப் பக்கவாட்டில் உருட்டித் துப்பினாள். மூன்றாவது வாயை விழுங்கினாள்.

"நல்ல தண்ணி" என்றாள்.

சின் அப்படியே மண்ணில் குந்தி உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் தியெப்பின் மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறியது.

"அக்கா, தொறந்திட்டீங்களா? கொஞ்சம் நில்லுங்க." அவள் செருப்போடு படியிறங்கிக் கருவியைத் தொட்டாள். "ரெண்டு. ரெண்டு கிராம் காட்டுது அக்கா. கன்னு தாங்கக்கூடியது அரைதான்."

"ரெண்டா?" என்றான் மேலேயிருந்து ஒருவன். "அப்ப மூத்த பிள்ள பொறந்திருக்குன்னு சொல்லு. ஆணா, பொண்ணா?"

நூறு பேரும் சிரித்தார்கள். தியெப்பின் முகம் சிவந்தது, ஆனால் அவள் படியை விட்டு நகரவில்லை.

"முப்பது வருசமா உன் நாக்கு பொய் சொன்னதில்ல அக்கா" என்றான் சின். "அந்தக் குச்சி வந்து நாலு மாசம் ஆகல. நேரம் போவுது, சக்கரத்தச் சுத்து."

லுவாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண் மேல் கோபம்கூட இல்லை, சின்னப் பெண், படித்ததைச் சொல்கிறாள். நேராக மேட்டுக்கு ஏறினாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் நீர்த்தாய்க்கு முழங்கால் உயரத்தில் ஒரு கோயில் உண்டு. திறப்பதற்கு முன் அவளுக்கு ஒரு குவளை மழைத்தண்ணீர் படைத்து, மீதியை மதகுக்காரி குடிக்க வேண்டும். அதுதான் வழக்கம். சில வருஷமாகக் கோடைக்கு முன்பே மழைச் சாடிகள் காலியாகிவிடுவதால் குழாய்க் கிணற்றுத் தண்ணீரை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை சின் விடவில்லை. நல்லபடியாக நடக்கட்டும் என்று, அப்பாவின் திதிக்காக வாய் கட்டி வைத்திருந்த சாடியைப் பிரித்து ஒரு செம்பு மழைத்தண்ணீர் கொண்டுவந்திருந்தான்.

லுவா படைத்தாள், கும்பிட்டாள், மீதியை வாயில் ஊற்றினாள். உடனே துப்பினாள்.

"எவன்டா இதுல என்னத்தக் கலந்தது?"

சின் பதறிப்போனான். "என்ன அக்கா கலக்குறது? இப்பதான் கட்டப் பிரிச்சு மொண்டேன்."

"கசக்குதுடா. வேப்பந்தழைய ஊறவச்ச மாதிரி கசக்குது."

சின் ஒரு வாய் குடித்தான். அவன் முகமும் சுளித்தது. செம்பு கை மாறியது. குடித்த அத்தனை பேரும் கசக்கிறது என்றார்கள். சாடியில் பல்லி விழுந்திருக்கும் என்றான் ஒருவன். நீர்த்தாய்க்கு மனசில்லை போல என்று கிழவர் ஒருவர் ஆரம்பித்தார்.

"எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்றாள் தியெப்.

அவள் மடமடவென்று செம்பில் பாதியைக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்லையே. நல்ல தண்ணி. எங்க ஊர்ல இப்படித்தான் இருக்கும்." மீதியில் கருவியைத் தொட்டு லுவாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். பூஜ்யம் காட்டியது.

பிறகு அவள் யாரையும் கேட்காமல் லுவாவின் வீட்டுக்குள் போய், குடிக்கிற தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் தொட்டாள். ஒன்று புள்ளி ஆறு.

"அக்கா, இதத்தான் தெனம் குடிக்கிறீங்களா?"

"பதினஞ்சு வருசமா இந்தக் கெணத்துத் தண்ணிதான்" என்றாள் லுவா.

யாரும் சிரிக்கவில்லை. லுவா குடத்தைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். மகள் வெந்நீர் ஊற்றிக் கலக்கிச் சாப்பிட்ட புளிக்குழம்பு ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வருஷம் இதே மாதம், இதே மேட்டில், இப்படித்தான் மூன்று வாய் பார்த்து, நல்ல தண்ணி என்று சொல்லித் திறந்தாள். பத்தாவது நாள் சின்னின் கன்றுகள் இலை நுனியிலிருந்து கருக ஆரம்பித்தன. ஒரு மாதத்தில் இரண்டாயிரத்து நானூறும் செத்தன. மற்றவர்களின் வளர்ந்த மரங்கள் இலை உதிர்த்துப் பிழைத்துக்கொண்டதால், கியென் விற்ற போலி உரம்தான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். சின் நடுச் சந்தையில் கியெனின் சட்டையைப் பிடித்தான். லுவாவும் போய் நின்று மண்ணை வாரித் தூற்றினாள், உன் கடை விளங்காது என்றாள். சின்னும் கியெனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆறு மாதத்தில் கடைக்கு ஆள் வருவது நின்று, கியென் கதவை இழுத்துச் சாத்தினான்.

தப்பு செய்தது தான்தான் என்று அந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியாது, அவள் வாயைத் திறக்காவிட்டால் இனித் தெரியவும் தெரியாது.

"பதினொன்னாவப் போவுது" என்று யாரோ கத்தினார்கள்.

"ரெண்டோ மூணோ இருந்துட்டுப் போவட்டும்" என்றான் சின். அவன் எழுந்து சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தான். "காஞ்சு சாவறதுக்கு உப்புலயாவது சாவட்டும். நவுரு அக்கா."

"நவுர மாட்டேன்."

"அக்கா, நவுரு. உன்னத் தள்ளிட்டுத் தொறப்பேன்."

"தள்ளுடா பாப்போம்."

அவனுக்குப் பின்னால் இருபது பேர் முன்னுக்கு வந்துவிட்டார்கள். லுவா சட்டென்று குனிந்து கைப்பிடியின் ஆணியைப் பிடுங்கினாள். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காஞ்சதுல நாலு துளிர்க்கும்டா. உப்பு குடிச்சதுல ஒண்ணுகூடத் தேறாது. எனக்கு எப்படித் தெரியும்னு கேளு."

"எப்படித் தெரியும்?"

"போன வருசம் உன் கன்னுங்களக் கொன்னது உரம் இல்ல. நான்."

சின்னுக்குப் புரியவில்லை. அவள் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி திரும்பச் சொன்னாள். "உரத்துல ஒரு கொறையும் இல்ல. இந்த மதகுலதான் உப்பு உள்ள போச்சு. நல்ல தண்ணின்னு சொல்லித் தொறந்துவிட்டது நான். நாமெல்லாம் வருசக்கணக்கா உப்பக் குடிச்சுக் குடிச்சு, உப்பு எதுன்னே தெரியாமப் போச்சு. என் நாக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான், ரெண்டுலேருந்துதான் எண்ணுது. அதுக்குக் கீழ இருக்கறத அது மறந்தே போச்சு. மழத்தண்ணி எனக்குக் கசக்குதுடா. இந்த நாக்க நம்பியா தொறக்கப் போறீங்க?"

முன்னுக்கு வந்த இருபது பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பின்னால் கியென் தொப்பியைக் கழற்றினான். லுவா அவனைப் பார்த்து, "கியென், உன் கடைய நான் சபிச்சேன். அந்தப் பாவம் என்னுது" என்றாள். கியென் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தான்.

"ஒரு வருசம்" என்றான் சின். "ஒரு வருசமா அவன் மூஞ்சியில நான் முழிக்கல. அவன் அம்மா சாவுக்குக்கூடப் போவல."

"தெரியும்."

"நீதான் போவாதன்னு சொன்ன."

"நான்தான் சொன்னேன்."

அடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவள் காலடியில் கொட்டிவிட்டுப் போனான். மதகின் வெளிப்பக்கம் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கியது. லுவா கைப்பிடியை மடியிலிருந்து எடுக்கவில்லை. மத்தியானம் வரை அங்கேயே இருந்தாள், தியெப் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அக்கரைக் கால்வாய்க்காரர்கள் அன்று திறந்துவிட்டார்கள். பத்தாவது நாள் அங்கே இலை கருகியதாகச் சேதி வந்தபோது, எங்கள் ஆட்கள் நாம் பிழைத்தோம் என்று வந்து லுவாவிடம் சொன்னார்கள். அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அடுத்தவர் கண்ணீரில் பெருமை பார்க்கிறவள் இல்லை அவள்.

தியெப் மேலாற்றிலிருந்து படகு படகாக நல்ல தண்ணீர் வரவழைத்தாள். ஊரே குழி வெட்டிப் பாலித்தீன் விரித்து அதைப் பிடித்துக்கொண்டது, கன்றுக்கு இத்தனை குவளை என்று வீடுவாரியாகப் பிரித்து ஊற்றினார்கள். சின் மூவாயிரத்தில் ஆயிரத்து நூறைக் காப்பாற்றினான். பஸ் ஏறவில்லை. ஒருநாள் கியென் வீட்டுக்குப் போனான், என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. கியென் கடையைத் திரும்பத் திறக்கவும் இல்லை. அக்கா வீட்டுப் பக்கம் மட்டும் சின் தலைவைத்துப் படுக்கவில்லை. கால்வாயில் எதிரெதிரே படகு வந்தாலும் துடுப்பைப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு வயதுப் பிள்ளையாகத் தன் இடுப்பில் சுமந்த தம்பி இப்படிப் போவதைப் பார்த்து அவள் பட்ட பாட்டுக்கு அளவில்லை.

கருவி பிஸ்கட் டப்பாவிலிருந்து வெளியே வந்தது. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள். காலையும் மாலையும் ஆற்றில் தொட்டு, எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் மதகுச் சுவரில் பெரிதாக எழுதுவாள். எவனாவது பழைய பழக்கத்தில், "நாக்கு என்ன சொல்லுது தாம் அக்கா?" என்று கேட்டால், "அதுக்கு ஓய்வு குடுத்தாச்சு. சுவரப் படி" என்பாள்.

முதல் மழை ஐந்தாம் மாதம் வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் அப்பாவின் திதி. லுவா தன் வீட்டிலேயே தனியாகப் படையல் வைத்துவிட்டு, வாசலில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். படித்துறையில் படகு தட்டுகிற சத்தம் கேட்டது. சின் இறங்கி வந்தான். கையில் ஒரு கண்ணாடிக் குவளை, சிந்தாமல் உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தான்.

மூன்றரை மாதமாகப் பேசாதவன். அவள் மீன் கையோடு எழுந்து நின்றாள்.

"புது மழை" என்றான். "குடி."

அவள் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குவளையை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

"எப்படி இருக்குது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். சொல்லவில்லை. "இன்னும் கசக்குதுடா."

"எனக்கும் ஒரு மாசம் கசந்துச்சு. படகுல வந்த தண்ணியத்தான் விடாமக் குடிச்சேன்." அவன் படியில் உட்கார்ந்து, அவள் போட்டுவிட்டு எழுந்த மீனை எடுத்து ஆயத் தொடங்கினான். "அது கசப்பு இல்லக்கா. அதுதான் தண்ணி. முழுசும் குடி, நாளைக்கும் கொண்டாரேன்."